ஏழு மணி நேரக் கணக்கு

என் தங்கை உஷாராணி முதன்முதலில் ஒருவன் வாயில் இரத்தம் வரவைத்தபோது அவளுக்கு ஏழு வயது. மலாக்காவில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்து வாசலில், பெரியதம்பி என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் உட்கார்ந்து என் கோலிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் ஒன்பது வயது. அவள் வீட்டுக்குள்ளிருந்து சிலேட்டோடு வந்தாள். சிலேட்டின் மரச்சட்டத்தால் அவன் வாயில் ஓங்கிப் போட்டாள். முன்பல் பாதியாக உடைந்து மண்ணில் விழுந்தது. அழுதுகொண்டே ஓடியவன் மறுநாள் கோலிகளைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம் எனக்கு நண்பனும் ஆகிவிட்டான். பெரியவனான பிறகும் அந்தப் பல்லை அவன் கட்டிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "உஷா போட்ட கையெழுத்து" என்று வாயைத் திறந்து காட்டுவான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அவளைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள், "அமைதியான பிள்ளை, தான் உண்டு படிப்பு உண்டுன்னு இருக்கும்" என்பார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டில் அமைதியான ஆள் எவரும் பிறக்கவில்லை. அப்பா நல்லமுத்து எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவர். வெட்டிய களைப்பு தீராமல் வீட்டுக்கு வந்து பெல்ட்டை உருவுவார். அம்மா பெத்தம்மாள் கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். பதினைந்து வயதில் நான் அப்பாவின் பெல்ட்டைப் பிடித்து இழுத்து அவரையே சுவரோடு சாத்தினேன். உஷாவின் கோபம் மட்டும் வேறு பக்கம் போயிற்று. ஒரு கணக்கு வரவில்லை என்றால் வரும்வரை சாப்பிடமாட்டாள், பென்சிலை ஒடிப்பாள், நெற்றியைச் சுவரில் முட்டுவாள். விடை வந்துவிட்டால் இரண்டு தட்டுச் சோறு போதாது.

தோட்டம் கைமாறியதும் தொண்ணூறாம் ஆண்டில் தங்கா பத்துவில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். பெரியதம்பியின் குடும்பமும் அங்கேயே வந்தது. நான் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை கட்டும் இடத்தில் சாரம் கட்டப் போனேன். அவள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தொண்ணூற்றிரண்டில் பகுதி நேரமாக முதுகலை ஆராய்ச்சிக்கும் பதிந்துகொண்டாள். அணு உலையின் மையப்பகுதியைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதை எப்படி வேகமாக்குவது என்பது அவளுடைய பொருள்.

"அணுகுண்டா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. ஆராய்ச்சிக்கு வெச்சிருக்கிற சின்ன உலை."

"சின்ன உலைதானே. மெதுவாவே கணக்குப் போடேன், யார் தொரத்துறா?"

துரத்தியவர் மஜீது பாய். மலாக்கா பட்டணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோஸ்டாட் எடுப்பதும் மனு டைப் செய்து கொடுப்பதுமாக ஒரு கடை வைத்திருந்தார். தமிழ் முஸ்லிம், நான்கு தலைமுறையாக அந்த ஊர்தான். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் பகுதி நேர மாணவர்களுக்கு முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்பதால், பாய்க்கு டைப் வேலை செய்து கொடுத்து, பதிலுக்கு விடுமுறை நாட்களில் பின் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் தன் கணக்கை ஓட்டிக்கொண்டாள் உஷா. ஆனால் பாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய அப்பாவின் கடை மின்கசிவில் எரிந்துபோனது. அப்பாவும் உள்ளேதான் இருந்தார். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுத்தான் போவார். தீ வாசனை, புகை, பொறி என்று எதைக் கண்டாலும் முதல் காரியமாக அவர் கை மெயினுக்குத்தான் போகும். உஷா அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

"தங்கச்சி, உன் உலை வெடிக்காது. என் கடை எரியும்" என்று சொல்லிவிட்டார்.

காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. அவள் கணக்கோ முடிய முப்பத்தொரு மணி நேரம் கேட்டது. பாதி விடையை எழுதி வைத்து மறுநாள் தொடரலாம் என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டுக்கொண்டு வந்தது. இரண்டு முறை எண்களைக் குதறித் திருப்பிக் கொடுத்தது. அதன் பிறகு அவள் அதை நம்பவில்லை. எல்லாவற்றையும் ஓட ஓடவே பிரிண்டர் காகிதத்தில் அடிக்க வைத்தாள். ஆகவே வேறு வழியில்லை. கணக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

என் மூளைக்கு ஏறிய அளவில் அந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு நியூட்ரான் ஓர் அணுவைப் பிளக்கும். பிளந்ததிலிருந்து இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே வரும். சில ஓடிப்போகும், சிலவற்றை உலைக்குள் இறக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் விழுங்கிவிடும், மிச்சம் அடுத்த அணுக்களைப் பிளக்கும். ஒன்றுக்குப் பதில் சரியாக ஒன்று மிஞ்சினால் உலை சீராக எரியும். ஒன்றுக்கு மேல் போனால் ஏறிக்கொண்டே போகும். குறைந்தால் அணைந்துவிடும். அந்த எண்ணுக்கு கே என்று பெயர். உலைக்குள் எந்த மூலையில் எத்தனை நியூட்ரான் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையைக் கணக்கிட வேண்டும், அதிலிருந்து அதற்கடுத்தது. எண்கள் மாறாமல் நிற்கும்வரை இப்படியே ஆயிரக்கணக்கான தடவை.

அதை வேகமாக்க அவள் முதலில் கண்ட வழி தோசையை மடிப்பது. உலை வட்டமானது, நான்கு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கால் பங்கை மட்டும் கணக்கிட்டு, மற்ற முக்காலும் இதுபோலத்தான் என்று வைத்துக்கொண்டால் வேலை நான்கில் ஒன்றாகிவிடும். எட்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. அன்று வீட்டில் கோழி அடித்தோம். தொண்ணூற்றாறில் விரிவுரையாளர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். உலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டுப்பாட்டுக் கம்பி பாதி இறங்கியிருக்கிறதே, அந்தப் பக்கம் எப்படி மற்றப் பக்கங்கள்போல இருக்கும்? ஒரு வருட வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடியைக் கைமுஷ்டியால் உடைத்தாள். ஆறு தையல்.

"மடிச்சது என் தப்புண்ணே. என் பக்கத்த மட்டும் பாத்துட்டு எதிர்ப்பக்கமும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்" என்று கட்டுப் போட்ட கையோடு சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. என் வேலை அப்போது அடிதடி.

அது ஒரு பந்தில் ஆரம்பித்தது. தொண்ணூற்றைந்து தீபாவளியை ஒட்டி எங்கள் தங்கா பத்துப் பையன்களுக்கும் லூபோக் சீனாப் பையன்களுக்கும் கால்பந்து. பந்து கோட்டுக்கு வெளியே போனதா இல்லையா என்பதில் வாய்ச்சண்டை. அவர்கள் கேப்டன் கணேஸ்வரன் எங்கள் கோல்கீப்பரின் மூக்கை உடைத்தான். நாங்கள் கொடிக்கம்பைப் பிடுங்கி அவர்களில் இரண்டு பேரின் மண்டையைப் பிளந்தோம். அவர்கள் மோட்டார் சைக்கிள் சங்கிலியோடு வந்து ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவனுக்குத் தாடை இனி மூடாது. நாங்கள் பாராங் கத்தியோடு போனோம். அதற்கு மேல் நான் எண்ணவில்லை. உஷா எண்ணினாள்.

ஒரு நாள் மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று என்று எழுதியிருந்தாள்.

"இது என்னா லா?"

"ஒவ்வொரு தடவையும் அடிபட்டவங்க. உங்க கே ரெண்டுக்கு மேல இருக்குண்ணே. அடுத்தது இருபத்தஞ்சு. விழுங்குற கம்பி ஒண்ணு கூட உங்க நடுவுல இல்ல."

அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பொட்டைப் பயலாக என்னை ஆகச் சொல்வதாகப் பட்டது எனக்கு. தட்டைத் தூக்கி எறிந்தேன். அவள் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தைச் சட்டியோடு என் தோளில் கவிழ்த்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா இரண்டு பேரையும் விளக்குமாற்றால் வெளுத்தார். எங்கள் வீட்டில் அறிவியல் பேசினால் இப்படித்தான் முடியும்.

அவளுக்குக் கடைசித் தேதி தொண்ணூற்றேழு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் குப்பையில். இந்த முறை தோசையை மடிக்கவில்லை. முழு உலையையும் எடுத்துக்கொண்டாள். முதலில் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து ஒரு முரட்டு விடையைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டாள். அதையே நுணுக்கமான கணக்குக்குத் தொடக்கமாகக் கொடுத்தாள். பிறகு தாவல். எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கொஞ்ச நேரம் பார்த்து, அவை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்து, நடுவில் உள்ளதைத் தாண்டி அங்கேயே குதித்துவிடுவது. கொஞ்சமாகக் குதித்தால் பலன் இல்லை. அதிகமாகக் குதித்தால் எண்கள் வெறி பிடித்து மேலும் கீழும் ஆடிச் சிதறிவிடும், எல்லாம் முதலிலிருந்து. எவ்வளவு குதிப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க அவளால் முடியவில்லை. அதனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அது நின்று கேட்கும். திரையில் எண்களைப் பார்த்து அவளே ஓர் எண்ணைத் தட்டுவாள். அவள் உட்கார்ந்திருந்தால் ஏழு மணி நேரம். எழுந்து போனால் முப்பத்தொன்று.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கினாள். நானும் கூடப் போயிருந்தேன். பிரிண்டர் காகிதக் கட்டைத் தூக்கி வரத் துணை என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்துச் சண்டை பட்டணத்துக்கு வராது. பட்டணத்தில் எதிரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். கடைக்காரர்கள், பெண்கள், மற்ற இனத்தவர்கள் நடுவில் கத்தி எடுக்கக் கூடாது. ஒன்றரை வருடமாக இரண்டு பக்கமும் அதை மீறியதில்லை. திங்கட்கிழமை நான் மீறினேன். பஸ் நிலையத்தில் கணேஸ்வரனின் தம்பி பனிக்கட்டி போட்ட சென்டோல் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், அல்லது சிரித்ததுபோல எனக்குத் தோன்றியது. சாரம் கட்டும் கம்பியை அறுக்கிற கத்தியால் அவன் கன்னத்தைக் காதிலிருந்து வாய்வரை கிழித்தேன். சென்டோல் கோப்பைக்குள் அவன் இரத்தம் ஒழுகியதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடித்தவன் ஒளிவதற்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று பாருங்கள். பட்டணத்தில், பாயின் கடையில், தங்கையின் பக்கத்தில். சட்டம் இருக்கிறதே, இங்கே வரமாட்டார்கள் என்று நம்பினேன். திங்கட்கிழமை நான் உடைத்த சட்டம் புதன்கிழமை என்னைக் காப்பாற்றும் என்று நம்பிய முட்டாள் நான். எதிர்ப்பக்கமும் அப்படித்தான் என்று உஷா ஒரு வருடம் செய்த தப்பைக் கத்தியை வைத்துக்கொண்டு நான் செய்தேன். பெரியதம்பிக்கு எல்லாம் தெரியும். அவனும் இன்னும் நான்கு பேரும் மோட்டார் சைக்கிள்களில் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உஷாவிடம் யாரும் சொல்லவில்லை.

மதியம் மூன்றேகாலுக்கு நான்கு பேர் உள்ளே வந்தார்கள். கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலங்கள். பாய் கவுண்டருக்குப் பின்னால் எழுந்து, "என்னாப்பா, போட்டோஸ்டாட்டா?" என்றார். முதல் வெட்டு கவுண்டர் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடித் துண்டு அவர் புருவத்தைக் கிழித்து, ஒரு கண்ணை இரத்தம் மூடியது. நான் ஸ்டூலைத் தூக்கி முதலில் வந்தவன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இரண்டாமவனின் பாராங் என் முதுகில் சட்டையையும் தோலையும் சேர்த்துத் திறந்தது. அவன் தலையைப் பிடித்துப் போட்டோஸ்டாட் எந்திரத்தின் விளிம்பில் மோதினேன், மறுபடியும் மோதினேன். யாரோ முன்பக்கக் கம்ப்யூட்டரை இழுத்துத் தள்ள, அது தரையில் விழுந்து பொறி பறந்தது, புகை வந்தது.

பொறியைக் கண்டதும் பாய், ஒரு கண்ணில் இரத்தத்தோடு, தடவித் தடவி மெயின் சுவிட்சுக்கு ஓடினார்.

"பாய், மெயின இழுக்காதீங்க" என்றாள் உஷா. கத்தவில்லை. பின் அறையிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. "சுவத்து பிளக்க மட்டும் புடுங்குங்க. மெயின விடுங்க."

அவர் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. முப்பது வருட வழக்கம். பிறகு கையை எடுத்து, குனிந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். அவருக்கு நான் பட்ட கடனில் அதுவும் ஒன்று.

அதற்குள் அந்த நால்வரில் ஒருவனான கணேஸ்வரன் பின் அறைக்குள் போயிருந்தான். நான் அவன் கையில் அகப்படாத கோபத்தில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துப் பாராங்கை ஓங்கினான். உஷா இடது கையை நடுவில் கொடுத்தாள். சுண்டுவிரல் அறுந்து கீபோர்டின் மேல் விழுந்தது. மோதிர விரல் தோலில் தொங்கியது. கணேஸ்வரன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு பெண்ணை வெட்டுவதற்கு அவன் வரவில்லை. அதுவரைக்கும் அந்தச் சட்டம் அவனிடம் மிச்சம் இருந்தது. பாராங்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்களும் முறிந்த கையையும் உடைந்த தலையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பாராங்கை எடுத்துக்கொண்டு துரத்தக் கிளம்பினேன்.

"அண்ணே, இங்க வா. கையப் பிடி."

"ஆஸ்பத்திரி போலாம், எந்திரி."

"கணக்கு முடியல. இன்னும் நாப்பது நிமிஷம். இப்ப நான் எந்திரிச்சா போலீஸ் வந்து கடையச் சாத்திடுவாங்க. வெள்ளிக்கிழமை எனக்கு ஒண்ணும் இருக்காது. அஞ்சு வருஷம்ணே. மணிக்கட்ட அமுக்கிப் பிடிச்சு மேல தூக்கு. விட்டா ரத்தம் போயிடும், நான் செத்துருவேன்."

இப்படிச் சொன்னால் எந்த அண்ணன் போவான்? பாராங்கைப் போட்டுவிட்டுத் துப்பட்டாவால் அவள் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அமுக்கி, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரத்தம் என் முழங்கை வழியாக இறங்கிற்று. பாயின் மனைவி நூர் பீவி அக்கா பக்கத்துத் தண்ணீர்க் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, பால் இல்லாத தேநீரான தே ஓ கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த விரலை எடுத்து இன்னொரு பையில் சுற்றி உள்ளே வைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் வாந்தி எடுத்தார்.

சத்தம் கேட்டு வந்த பெரியதம்பி மோட்டார் சைக்கிளைக் கடைக்கு வெளியே நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கராஜு, வாடா. அவனுங்க தூரம் போயிருக்க மாட்டானுங்க."

"பத்து நிமிஷம் இரு."

"என்னாடா பத்து நிமிஷம்? உன் தங்கச்சி விரலு லா."

உஷா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனைக் கூப்பிட்டாள். "பெரியண்ணே, உள்ள வாங்க. அண்ணன் முதுகுலயும் ரத்தம் வருது, அவருக்குக் கை ஓஞ்சிரும். நீங்க மாத்திப் பிடிங்க."

அவன் வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அந்த அரைப் பல் தெரிந்தது, சிரிக்கவில்லை. "நான் வெளிய இருக்கேன் உஷா. நீ முடி" என்றான்.

கம்ப்யூட்டர் நின்று கேட்கும். அவள் வலது கையால் ஓர் எண்ணைத் தட்டுவாள். பிரிண்டர் ஒரு வரி அடிக்கும். மறுபடியும் காத்திருப்பு. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. அவளை அப்போது வெறுத்தேன். அண்ணன் முதுகு பிளந்து நிற்கிறான், விரல் ஐஸ் பையில் கிடக்கிறது, இவளுக்கு எவனோ ஒருவனின் உலை. அதை வாய்விட்டும் சொன்னேன், கெட்ட வார்த்தையோடு. "இன்னொண்ணுதாண்ணே" என்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் இன்னொன்றுதான். மூன்று தடவை வெளியிலிருந்து பெரியதம்பி கூப்பிட்டான். நான்காவது தடவை குரல் வரவில்லை. மூன்று மோட்டார் சைக்கிள்கள் லூபோக் சீனாப் பக்கம் கிளம்பிப் போகும் சத்தம்தான் வந்தது.

நான்கு மணிக்கு, "முடிஞ்சிருச்சு" என்றாள். எழுந்து நின்று அப்படியே சாய்ந்தாள். பாயின் காரில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் விரலை ஒட்டத் தெரிந்த டாக்டர், லாரி விபத்தில் சிக்கிய ஒருவருக்காக அறுவைச் சிகிச்சைக்குள் போயிருந்தார். வெளியே வர நடுச்சாமம் ஆகும் என்றார்கள்.

"எப்ப உள்ள போனாரு?" என்று கேட்டேன்.

"மூணே முக்காலுக்கு. அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா இந்தப் பொண்ணத்தான் முதல்ல எடுத்திருப்பாரு" என்றார் நர்ஸ்.

வேறு ஒருவர் இரண்டு விரல்களையும் அடியோடு எடுத்துவிட்டுத் தைத்தார். தையல் போட்டுக்கொண்டிருந்தபோதே செய்தி வந்தது. லூபோக் சீனா போகும் சாலையில், செம்பனைக் காட்டு வளைவில், முப்பது பேர் காத்திருந்திருக்கிறார்கள். முதலில் போன பெரியதம்பியைக் கம்பி கட்டி விழவைத்து வெட்டியிருக்கிறார்கள். பதினேழு வெட்டு. பின்னால் உட்கார்ந்திருந்தவனும் செத்துப்போனான். பெரியதம்பி எப்போதும் என்னைத்தான் பின்னால் ஏற்றிக்கொள்வான். மாலையே போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து, பஸ் நிலைய வழக்கில் என் கையில் விலங்கு மாட்டியது. லூபோக் சீனாப் பக்கம் பதினெட்டுப் பேரை அள்ளியது. எங்களில் ஓடக்கூடியவர்கள் ஜொகூருக்கு ஓடினார்கள். அடிக்க ஆளும் இல்லை, அடிபட ஆளும் இல்லை.

இரண்டு வருடம் உள்ளே இருந்தேன். பெரியதம்பியின் இழவுக்குக்கூடப் போகவில்லை. உஷா பார்க்க வருவாள், கட்டுப் பிரித்த கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். பட்டம் கிடைத்துவிட்டது, முழு உலையையும் ஏழு மணி நேரத்துக்குள் முடித்ததை விரிவுரையாளர் மற்ற மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார் என்றெல்லாம் சொல்வாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். உன் கணக்குக்காக என்னை நிற்க வைத்தாய், என் நண்பன் தனியாகப் போய்ச் செத்தான் என்பது ஒன்றுதான் என் தலைக்குள். ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் வெளியே வந்தேன். அவள் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எட்டு விரலால். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பீரோவை நகர்த்தியபோது அதன் மேலிருந்து அந்தப் பிரிண்டர் காகிதக் கட்டு விழுந்தது. ஓரத்தில் பழுப்பாக இரத்தக் கறை. வேகம்தான் அவள் ஆராய்ச்சி என்பதால் ஒவ்வொரு வரியிலும் நேரத்தையும் அடிக்க வைத்திருந்தாள். நேரம், அவள் கொடுத்த தாவல், கே. கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன். மூன்று மணி பன்னிரண்டு. அடுத்த வரி மூன்று பதினெட்டு; இடையில் இருந்த ஆறு நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. மூன்று இருபத்தொன்று. மூன்று இருபத்து நான்கு. அந்த வரிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரே அடித்திருந்தது, கணக்கு முடிந்தது என்று.

அதற்குக் கீழே இன்னும் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பன்னிரண்டிலும் அவள் தட்டிய தாவல் பூஜ்யம். பன்னிரண்டிலும் கே ஒரே எண், கடைசிப் புள்ளிவரை. கடைசி வரியின் நேரம் நான்கு மணி.

காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மூன்று விரலால் வெங்காயத்தைப் பிடிக்கப் பழகியிருந்தாள்.

"மூணு இருபத்துநாலுக்கே முடிஞ்சிருச்சு" என்றேன்.

காகிதத்தைப் பார்த்தாள். கத்தியை வைத்தாள்.

"ஆமாண்ணே."

"அப்பவே கிளம்பியிருந்தா விரல் இருந்திருக்கும்."

"கிளம்பியிருந்தா, என்னை ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டு நீ அவன் வண்டில ஏறியிருப்ப."

ஏறியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இத ஏன் ஜெயில்ல வெச்சு சொல்லல? நான் உன்ன என்னெல்லாம் பேசினேன்."

"சொன்னா, பெரியண்ணன ஏன் விட்டேன்னு கேட்டிருப்ப." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கூப்பிட்டேன்ல. கையப் பிடிக்க வாங்கன்னு கூப்பிட்டேன்ல. அவர் வரலண்ணே."

அவள் மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். அது கைநழுவி உருண்டது. நான் குனிந்து எடுத்து, அவள் அரிவதற்காகப் பலகையின் மேல் பிடித்துக்கொண்டேன்.